பழைய கணினி, புதிய கைப்பழக்கம்

வரைவதற்காகக் கணினியோடு இணைத்திருக்கும் டேப்லெட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அதன் விளிம்பை ஒட்டி ஸ்டைலஸ் என்கிற டேப்லெட் பேனாவை ஒரு சுற்று சுற்றினேன். திரையில் வட்டம் வந்திருக்க வேண்டும். வந்தது முட்டை, அதுவும் படுத்துக் கிடக்கிற முட்டை. இன்னொரு முறை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். அதே முட்டை. லினக்ஸுக்கு மாறிய அன்று இரவு நான் போட்ட முதல் கோடு அதுதான்.

ஏழு வருடமாகக் கணினியில் வரைகிறேன். அலுவலகம் முடிந்து, வீட்டு வேலையும் முடிந்து, எல்லோரும் தூங்கிய பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் என் ஓவிய நேரம். இதில் நான் சம்பாதித்தது எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் கிடைக்காத நாள் நாளாகவே இருக்காது. அதனால் இயங்குதளத்தை மாற்றுவது என்ற பேச்சு வந்தபோது எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான்: என் கை என்ன ஆகும்? மென்பொருளை ஒரு மணி நேரத்தில் நிறுவிவிடலாம். ஏழு வருடம் ஊறிய கைப்பழக்கத்தை எப்படி நிறுவுவது?

மாறியதற்கான காரணத்தில் பெரிய கதை எதுவும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. என்னுடையது ஆறாம் தலைமுறை. இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் வாங்கிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் அது தள்ளிப்போடுவதுதானே.

கணினியில் குறை ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு மனசு ஒப்பாத விஷயம். நான் வழக்கமாக 4000-க்கு 5000 பிக்சல் கேன்வாஸில் வரைகிறேன். அதில் ஒரு லேயர், அதாவது படத்தின் ஓர் அடுக்கு, முழுவதும் நிறைந்தால் 2 கோடி பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், ஆக 80 மெகாபைட். முப்பது லேயர் போட்டாலும் இரண்டரை ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். என் கணினியில் 16 ஜிகாபைட் ராம் இருக்கிறது. இவ்வளவு நன்றாக வேலை செய்கிற ஒன்றைத் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை.

தம்பியிடம் சொன்னேன். அவன் பல வருடமாக லினக்ஸில் இருப்பவன்.

“அக்கா, எதையும் அழிச்சிடாதே. முதல்ல பென் டிரைவ்ல இருந்து ஓட்டிப் பாரு. டேப்லெட் வேலை செய்யுதா, மனசுக்குப் பிடிக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணு.”

“என் படமெல்லாம் என்னடா ஆகும்?”

“அதைத்தான் நீ முதல்ல பார்க்கணும்” என்றான்.

அவன் சொன்னது சரி. மாறுவது என்று முடிவு செய்கிறவர்கள் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் எந்த வகைத் தொகுப்பு), எந்த மென்பொருள் என்று தேடுவதற்கு முன்னால் தங்கள் பழைய படங்கள் எந்தக் கோப்பு வகையில் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். என்னுடையவை நானூற்றுச் சொச்சம். பெரும்பாலானவை நான் அதுவரை பயன்படுத்திய ஓவிய மென்பொருளின் சொந்த வடிவத்தில் இருந்தன. அந்த மென்பொருள் லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை. அதன் கோப்பை நான் போகிற இடத்தில் திறக்கிற மென்பொருளும் இல்லை. அதாவது, பழைய கணினியில் அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு படத்தையும் திறந்து, வெளியே எடுத்து வைத்தால்தான் உண்டு.

மூன்று வாரம் வரைவதை நிறுத்திவிட்டு அந்த வேலையைச் செய்தேன். ஒவ்வொன்றையும் பிஎஸ்டி-யாக ஒன்று, பிஎன்ஜி-யாக ஒன்று. பிஎஸ்டி ஃபோட்டோஷாப்பின் வடிவம் என்றாலும், லினக்ஸில் ஓடுகிற ஓவிய மென்பொருளான கிரிட்டாவும் படம் திருத்துகிற மென்பொருளான கிம்ப்பும் அதைத் திறக்கும். லேயர்கள், லேயர் குழுக்கள், ஒளிபுகும் அளவு, கலப்பு முறைகள் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். எழுத்து லேயரும் வெக்டர் வடிவமும் வண்ணத்தைத் திருத்துகிற லேயர்களும்தான் சிக்கல். அவை சில நேரம் வரும், சில நேரம் உருமாறி வரும், சில நேரம் காணாமலே போகும். அதனால் அவற்றையெல்லாம் சாதாரணப் பிக்சல் லேயராக மாற்றிய பிறகே வெளியே எடுத்தேன். பிஎன்ஜி எதற்கென்றால், புது இடத்தில் பிஎஸ்டி-யைத் திறக்கும்போது படம் சரியாக வந்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க. இந்த இரண்டாவது கோப்பு இல்லையென்றால் எது மாறிப்போயிற்று என்றே தெரியாது; ஞாபகம் ஏமாற்றும்.

அலுப்பான வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஏழு வருடப் படங்களை வரிசையாகத் திறந்து பார்க்கிற வாய்ப்பு வேறு எப்படிக் கிடைத்திருக்கும்? முதல் வருடத்து முகங்களில் எல்லாக் கண்களும் ஒரே கண். மூன்றாம் வருடத்தில் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்தே எல்லோரையும் வரைந்திருக்கிறேன். அவற்றின் நடுவே ஒரு காகம் கிடைத்தது. மழையில் நனைந்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தலை முடிந்திருந்தது, மார்பு பாதி. இறக்கைக்கு வெறும் கோட்டுச் சட்டகம். நனைந்த இறகின் நுனி எப்படிக் கூராகச் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது எனக்குக் கை கூடவில்லை, விட்டுவிட்டேன். அந்தக் கோப்பை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்தேன்.

டிஸ்ட்ரோ தேர்வைப் பற்றி நிறையப் பேர் நிறையப் பேசுவார்கள். லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா எல்லாவற்றிலும் ஓவிய மென்பொருள்கள் ஒன்றேதான். வரைகிறவர்களுக்கு என் கருத்து, டிஸ்ட்ரோவைவிட டெஸ்க்டாப், அதாவது திரையில் தெரிகிற ஜன்னல்களும் அமைப்புப் பக்கங்களும் சேர்ந்த முகப்பு, எது என்று பாருங்கள் என்பதுதான். ஏனென்றால் டேப்லெட்டின் அமைப்புகள் அங்கேதான் இருக்கின்றன. நான் கேடிஈ பிளாஸ்மாவை எடுத்தேன். 2025 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6.3-இல் டேப்லெட்டுக்கான பக்கத்தையே புதுப்பித்திருந்தார்கள். எந்தத் திரை, டேப்லெட்டில் எவ்வளவு பரப்பு, அழுத்தக் கோடு எப்படி, ஸ்டைலஸ் பொத்தானுக்கு என்ன வேலை, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நோம் டெஸ்க்டாப்பிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு.

பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தது, நிறுவியது எல்லாம் ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிந்தது. இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாமல் போனால் படங்கள் மாட்டிக்கொள்ளும். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுகிறவர்கள் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை அணைத்துவிட வேண்டும். அது இருந்தால் கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. அந்த வட்டை லினக்ஸிலிருந்து படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது என்ற நிலை வரும். இன்னொன்று, வட்டைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது துவக்க அமைப்பை மாற்றினால் அது அந்தச் சாவியைக் கேட்கும்.

இப்போது முட்டைக்கு வருகிறேன்.

டேப்லெட்டைச் செருகியதும் கர்சர் நகர்ந்தது. அழுத்தமும் வேலை செய்தது. டேப்லெட்டைக் கணினிக்குப் புரியவைக்கிற டிரைவர் எதையும் நான் நிறுவவில்லை. வாக்காம் டேப்லெட்டுகளுக்கான டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே பல வருடமாக இருக்கிறது. மற்ற பிராண்டுகள் பலவற்றுக்கு டிஜிமெண்ட் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர்கள் வழியாக ஆதரவு வந்தது. அந்த உழைப்பின் பெரும்பகுதி இன்று கெர்னலிலேயே சேர்ந்திருக்கிறது. அதற்கும் சிக்காத மாடல்களுக்கு ஓப்பன்டேப்லெட்டிரைவர் என்று ஒன்று உண்டு. ஹுயன், எக்ஸ்பி-பென் போன்றவை லினக்ஸுக்குத் தங்கள் சொந்த டிரைவரையும் தருகின்றன. ஒன்றே ஒன்று: இவற்றில் இரண்டை ஒரே நேரத்தில் ஓட விடக் கூடாது. ஒரே ஸ்டைலஸுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் கர்சர் துள்ளும்.

என்னிடம் இரண்டு திரைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1920-க்கு 1080. டேப்லெட்டின் பரப்பு 10 அங்குல அகலம், 6.25 அங்குல உயரம். டேப்லெட் இரண்டு திரைகளுக்கும் சேர்த்து விரிந்திருந்தது. அதாவது பக்கவாட்டில் என் கை ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் 384 பிக்சல். மேலும் கீழுமாக ஓர் அங்குலம் நகர்ந்தால் 173 பிக்சல்தான். வட்டம் இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகிவிட்டது. அமைப்பில் போய் ஒரே திரைக்கு மட்டும் என்று மாற்றினேன். நாணயத்தை வைத்துச் சுற்றினேன். வட்டம் மாதிரி இருந்தது. மாதிரி மட்டும்தான். திரையில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்னும் அகலம் 11 சதவீதம் அதிகம். திரையின் விகிதம் 16-க்கு 9, டேப்லெட்டின் விகிதம் 16-க்கு 10. டேப்லெட்டின் உயரத்தில் மேலே கொஞ்சம் விட்டு 5.625 அங்குலமாகக் குறைத்த பிறகு நாணயம் நாணயமாக வந்தது.

இந்த 11 சதவீதம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முகம் வரையும்போது தெரியும். கன்னம் ஏன் இவ்வளவு அகலம், நமக்கு வரைய வரவில்லையே என்று தோன்றும். டேப்லெட்டில் வரைகிற யாராக இருந்தாலும், எந்த இயங்குதளத்தில் இருந்தாலும், ஒரு முறை நாணயத்தை வைத்துச் சுற்றிப் பாருங்கள். பழைய கணினியில் ஏழு வருடத்துக்கு முன் விகிதத்தைக் காப்பாற்றுகிற பொத்தான் ஒன்றை நான் அழுத்தியிருக்கிறேன். அப்படி ஒன்றை அழுத்தியதே மறந்து, கோணம் சரியாக வருவது என் கையின் திறமை என்று நம்பியிருந்தேன்.

அடுத்து அழுத்தம். டேப்லெட் பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று போட்டிருக்கும். அந்த எண் பெரிய விஷயம் இல்லை. கை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்க வேண்டும் என்று சொல்கிற வளைகோடுதான் விஷயம். கீழே இடது மூலையிலிருந்து மேலே வலது மூலைக்கு நேராக ஓடினால், பாதி அழுத்தத்துக்குப் பாதித் தடிமன். என் கை லேசான கை. நேர்கோட்டை வைத்துக்கொண்டு தடித்த கோடு போட வேண்டுமென்றால் மணிக்கட்டு வலிக்கிற அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தது. நடுப்பகுதியை மேலே தூக்கினேன். உடனே கோடு தடித்தது. ஆனால் ஸ்டைலஸ் தொட்ட இடத்திலெல்லாம் ஒரு சிறு பொட்டு விழுந்தது. தொடக்கத்தை அப்படியே தாழ்வாக விட்டு நடுவை மட்டும் தூக்க வேண்டும் என்று புரிய நான்கு நாள் ஆயிற்று.

இதில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. இந்த வளைகோடு மூன்று இடத்தில் இருக்கலாம். டெஸ்க்டாப் அமைப்பில் ஒன்று, கிரிட்டாவின் பொது அமைப்பில் ஒன்று, ஒவ்வொரு பிரஷுக்குள்ளும் ஒன்று. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வேலை செய்யும். நான் முதல் இரண்டையும் திருத்தி வைத்துக்கொண்டு பிரஷைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கைக்கு ஏற்ற திருத்தத்தை ஒரே இடத்தில் செய்யுங்கள். நான் கிரிட்டாவில் வைத்திருக்கிறேன். பிரஷுக்குள் இருப்பது அந்தப் பிரஷின் குணத்துக்கு மட்டும். கிரிட்டாவின் அமைப்பில் டேப்லெட்டைச் சோதிக்க ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் கோடு போட்டால் ஒவ்வொரு கணமும் என்ன அழுத்தம் வந்து சேருகிறது என்று எண்ணாகவே காட்டும். சந்தேகம் வந்தால் முதலில் அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.

கிரிட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு அதன் கதை பிடிக்கும். கேடிஈ-யைத் தொடங்கிய மத்தியாஸ் எட்ரிச், ஜன்னல்களையும் பொத்தான்களையும் உருவாக்க உதவுகிற க்யூட்டி என்ற கருவித்தொகுப்பில் கிம்ப்புக்கு ஒரு முகப்பை 1998-இல் செய்து காட்டினார். அதைச் சுற்றி எழுந்த சச்சரவில், கேடிஈ-க்கென்று தனியாக ஓர் ஓவியச் செயலி எழுதலாம் என்று 1999-இல் ஒரு சிலர் கிளம்பினார்கள். பெயர் இரண்டு முறை மாறி கடைசியில் கிரிட்டா ஆயிற்று. ஸ்வீடிஷ் மொழியில் அதற்குச் சாக்கட்டி, வண்ணக்கட்டி என்று பொருள். 2005-இல்தான் முதல் முறையாக வெளியீட்டில் சேர்ந்தது. புகைப்படம் திருத்துவதை விட்டுவிட்டு வரைகிறவர்களுக்கான கருவியாகவே இருப்போம் என்று 2009 வாக்கில் அவர்கள் எடுத்த முடிவுதான் என் போன்றவர்களுக்குக் கிடைத்த பரிசு. வலது பொத்தானை அழுத்தினால் கர்சர் இருக்கிற இடத்திலேயே பிரஷ்களும் வண்ணச் சக்கரமும் மலரும். எம் (M) விசையை அழுத்தினால் கேன்வாஸ் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பும். முகத்தின் கோணல் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். இதையெல்லாம் வரைகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் யோசித்திருக்க முடியும்.

ஷார்ட்கட்கள்தான் முதல் மாதத்தைத் தின்றன. பழைய மென்பொருளில் வண்ணத்தை எடுக்க ஆல்ட், இங்கே கன்ட்ரோல். (சில டெஸ்க்டாப்களில் ஆல்ட்டைப் பிடித்து இழுத்தால் ஜன்னலே நகர்ந்துவிடும், அதை அமைப்பில் போய் மாற்றிவிடலாம்.) சுழற்ற ஆர் (R) விசை, இங்கே ஷிப்ட்டும் ஸ்பேஸும். கிரிட்டாவில் ஃபோட்டோஷாப் பழக்கக்காரர்களுக்கும் பெயின்ட் டூல் சாய் பழக்கக்காரர்களுக்கும் தனித்தனி ஷார்ட்கட் தொகுப்பு இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. நான் எடுத்துக்கொள்ளவில்லை. கிரிட்டாவின் கையேட்டையும் மற்றவர்களின் பாடங்களையும் பார்த்துக் கற்கப் போகிறேன் என்றால் அவர்கள் சொல்கிற பொத்தான் என் விசைப்பலகையிலும் அதே வேலையைச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் வண்ணத்தை எடுத்து, கேன்வாஸைத் திருப்பி, பிரஷைப் பெரிதாக்கி முடித்த பிறகுதான் கவனித்தேன், ஒரு முறைகூட யோசிக்கவில்லை என்று. விரல்கள் தாமாகவே போயிருந்தன.

ஆனால் மாற்றத்தில் என்னை மிகவும் உலுக்கியது ஷார்ட்கட் இல்லை. கோட்டின் நடுக்கம்.

முதல் வாரத்தில் நான் போட்ட எல்லா நீளக் கோடுகளும் நடுங்கின. முழங்கையிலிருந்து வீசிப் போட்டாலும் கோட்டில் சின்னச் சின்ன அலைகள். டேப்லெட்டைச் சந்தேகப்பட்டேன், யூஎஸ்பி கம்பியைச் சந்தேகப்பட்டேன், லினக்ஸையே சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பழைய வட்டிலிருந்து விண்டோஸைத் துவக்கி, பழைய மென்பொருளைத் திறந்து அதே கோட்டைப் போட்டேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்போதுதான் மேல்பட்டையில் ஒரு சின்ன எண்ணைப் பார்த்தேன். கோட்டைச் சீராக்குகிற அளவு. அது ஏழு வருடமாக 10-இல் இருந்திருக்கிறது. நான் ஒருபோதும் தொட்டதில்லை.

அன்று இரவு நான் வரையவில்லை. என் கோடு என்று நான் நினைத்திருந்ததில் பாதி அந்த எண்ணின் வேலை. இதை இழப்பாக எடுத்துக்கொள்ளத்தான் முதலில் தோன்றியது. இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. இயங்குதளம் மாறாமல் இருந்திருந்தால் என் கை உண்மையில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்ததால்தான் எது அமைப்பு, எது கை என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

கிரிட்டாவிலும் சீராக்கும் வசதி உண்டு, மூன்று வகை. அடிப்படை வகை கொஞ்சமாகச் சீராக்கும். எடையிட்ட வகையில் எவ்வளவு தூரத்துக்குச் சீராக்க வேண்டும் என்று சொல்லலாம். ஸ்டெபிலைசர் என்பது கயிறு கட்டி இழுப்பது போல, கோடு கைக்குப் பின்னால் மெதுவாக வரும். நான் எடையிட்ட வகையில் பழைய உணர்வு வருகிற அளவுக்கு வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை கொஞ்சம் குறைத்தேன். தினமும் வரையத் தொடங்கும் முன் ஒரு கேன்வாஸ் நிறைய ஐம்பது கோடுகள்: மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மெல்லியதாக முடிய வேண்டும். மூன்று மாதம் கழித்து அடிப்படை வகையிலேயே நின்றுவிட்டது. இப்போதும் மிக நீளமான வளைவுகளுக்கு ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொள்கிறேன். போடுகிறேன் என்று தெரிந்து போடுகிறேன்.

பிரஷ் விஷயமும் அப்படித்தான். பழைய பிரஷ் தொகுப்புகளில் ஃபோட்டோஷாப்பின் ஏபிஆர் வடிவத்தில் இருந்தவற்றின் நுனி உருவத்தைக் கிரிட்டா எடுத்துக்கொண்டது. அழுத்தத்துக்கும் சாய்வுக்கும் அந்தப் பிரஷ் எப்படி நடந்துகொள்ளும் என்பது வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மை பிரஷை எஃப்5 அழுத்தினால் வருகிற பிரஷ் எடிட்டரில் ஒன்றிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. நுனி நீள்வட்டம். கோடு போகப் போக நுனி பதிக்கிற அச்சுகளுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு. அளவுக்கு அழுத்தம் பொறுப்பு. கை வேகமாகப் போனால் கொஞ்சம் மெலிய வேண்டும். கோணம் கோட்டின் திசையைப் பின்பற்ற வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அந்தப் பிரஷ் ஏன் எனக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தது. வேகத்துக்கு அது மெலிந்ததுதான் காரணம். அந்த ஒரு குணத்தைத்தான் நான் இத்தனை நாள் ‘உயிர் இருக்கிற கோடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்ற மென்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுத்துக்கும் சின்னங்களுக்கும் இங்க்ஸ்கேப். பார்த்து வரைவதற்கான புகைப்படத்தைத் திருத்துவதற்குக் கிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0-இல் ஃபில்டரைப் போட்ட பிறகும் மாற்றிக்கொள்ளலாம், படம் கெடாது. 1996-இல் லாரி யூவிங் வரைந்த டக்ஸ் என்ற பென்குயின், லினக்ஸின் முகமாக உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் படம், கிம்ப்பில் வரைந்ததுதான். கிம்ப்புக்காக எழுதிய கருவித்தொகுப்பே பிறகு ஜிடிகே என்று வளர்ந்து நோம் டெஸ்க்டாப்புக்கு அடித்தளமானது. லினக்ஸில் படம் வரைவது ஏதோ பிற்பாடு ஒட்டவைத்த வசதி என்று நினைப்பவர்களிடம் நான் இதைச் சொல்வேன்.

வண்ணத்தில் ஒரு நாள் தடுமாறினேன். பழைய படங்கள் எல்லாம் கொஞ்சம் நீலம் பாரித்துத் தெரிந்தன. விண்டோஸில் திரைக்கான வண்ணக் கோப்பு தானாக ஏறியிருந்தது, இங்கே ஏறவில்லை. நண்பரிடமிருந்து திரையின் வண்ணத்தை அளக்கும் கருவியை ஓர் இரவுக்கு வாங்கி, டிஸ்ப்ளேகால் என்ற செயலியில் திரையை அளந்து, வந்த வண்ணக் கோப்பை (ஐசிசி) அமைப்பில் கொடுத்தேன். சரியாகிவிட்டது.

எல்லோரும் மாறிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஓவியம் தொழிலாக இருந்து, அனுப்புகிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் கோப்பைத்தான் கேட்கிறார்கள் என்றால், அந்த மென்பொருள் லினக்ஸில் இல்லை என்றால், மாற வேண்டாம். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிற வைன் வழியாக ஓட்டலாம் என்பார்கள். சில நேரம் ஓடும். ஆனால் ஸ்டைலஸின் அழுத்தம் ஒழுங்காக வந்து சேருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பிழைப்பை அதன் மேல் வைக்க முடியாது. என் போல இரவில் தனக்காக வரைகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் கோப்பை நாமே திறந்தால் போதும்.

கோப்பு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிரிட்டாவின் கேஆர்ஏ கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்து, அதன் பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். திறக்கும். உள்ளே எந்த லேயர் எங்கே, எந்தக் கலப்பு முறை என்று சொல்கிற ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. லேயர்களின் ஃபோல்டர். கூடவே, முழுப் படமும் சேர்ந்த பிஎன்ஜி ஒன்று. நாளைக்கே கிரிட்டா இல்லாமல் போனாலும் அந்தப் பிஎன்ஜி-யை எந்தக் கணினியும் காட்டும். அந்த எக்ஸ்எம்எல்-ஐ யாராவது படித்துப் புரிந்துகொள்ளலாம். நானூறு படங்களை மூன்று வாரம் உட்கார்ந்து வெளியே எடுத்த எனக்கு அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. டேவிட் ரெவ்வா என்ற பிரெஞ்சு ஓவியர் 2014 முதல் தன் இணையச் சித்திரக்கதையைக் கட்டற்ற மென்பொருளிலேயே வரைந்து, லேயர்களோடு மூலக் கோப்புகளையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார். அவருடைய ஒரு பக்கத்தைத் திறந்து லேயர் லேயராக மறைத்துப் பார்த்ததில் நிழலை எந்த வரிசையில் போடுவது என்று கற்றுக்கொண்டேன்.

போன வாரம் அந்தத் தனி ஃபோல்டரைத் திறந்தேன். காகம் பிஎஸ்டி-யாக இருந்தது. கேஆர்ஏ-வாகச் சேமித்தேன். இறக்கையின் கோட்டுச் சட்டகத்தை வெளிறச் செய்து, மேலே ஒரு புது லேயர். நனைந்த இறகு தனித்தனியாக இருக்காது. நான்கைந்து சேர்ந்து ஒரு கூரான கற்றையாக முடியும், நுனியில் ஒரு துளி நிற்கும். அடியில் அழுத்திப் பிடித்து, இழுக்கும்போதே அழுத்தத்தை விட்டுக்கொண்டே வந்து, நுனியில் வேகமாக விட்டுவிட வேண்டும். முதல் கற்றைக்கு நாலு முறை அழித்தேன். ஐந்தாவது நின்றது. சீராக்கும் அளவைப் பார்த்தேன், அடிப்படை. இரண்டாவது கற்றை முதல் முயற்சியிலேயே வந்தது.

பன்னிரண்டரைக்குக் கன்ட்ரோல், ஆல்ட், எஸ் அழுத்தி அடுத்த எண்ணோடு இன்னொரு பிரதியாகச் சேமித்தேன். இடது இறக்கை முடிந்துவிட்டது. வலது இறக்கையில் இன்னும் ஏழு கற்றைகள் பாக்கி. வால் பக்கம் இன்னும் போகவே இல்லை.